"ஒரு நாள்தானே" என்று விடும் நாட்கள்: பிள்ளைகளின் பாடசாலை வரவு பற்றிச் சில விளக்கங்கள்

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எமது ஊர்களில் ஒரு வழமை உண்டு. 9 ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுமங்களிலும் வலம் வரும். சந்தியில் பெனர் தொங்கும். அடுத்த கிழமை, கணிதத்தில் எத்தனை பேர் சித்தியடையவில்லை என்ற பேச்சு வரும். பாடசாலையைக் குறை சொல்வோர் ஒரு பக்கம், பெற்றோரைக் குறை சொல்வோர் மறுபக்கம், கைபேசியைக் குறை சொல்வோர் இன்னொரு பக்கம். சில நாட்களில் அந்தப் பேச்சும் அடங்கிவிடும்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் ஒரு கேள்வியை எவரும் கேட்டு நான் கண்டதில்லை. சித்தியடையாத அந்தப் பிள்ளைகள் எத்தனை நாள் பாடசாலைக்கு வந்தார்கள்?

நான் கிழக்கிலங்கையின் கரையோர ஊரொன்றில் 28 வருடங்கள் ஆசிரியராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். அதில் கடைசி 9 வருடங்கள் இடைநிலைப் பிரிவின் பகுதித் தலைவராக இருந்தேன். காலையில் என் மேசைக்கு முதலில் வருவது வரவு இடாப்புகள்தான். வருடக்கணக்காக அவற்றைப் புரட்டியதில் எனக்கு விளங்கிய விடயம் ஒன்று உண்டு. எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் படிப்பை விட்டு விலகுவதில்லை. முதலில் மாதத்துக்கு ஒரு நாள், பிறகு கிழமைக்கு ஒரு நாள், பிறகு தொடர்ந்து மூன்று நாள் என்று விலகல் மெதுவாகத்தான் நடக்கிறது. "இடைவிலகிய மாணவன்" என்று நாம் பட்டியலில் எழுதும் காலத்துக்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பே அவனது இடாப்பு எமக்கு அதைச் சொல்லிவிடுகிறது. அதை நேரத்தோடு வாசிப்பது எப்படி, வாசித்த பின் என்ன செய்வது என்பதைப் பெற்றோருக்கும் ஊருக்கும் விளங்கும்படி சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு வருடத்தில் 200 பாடசாலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் வராமல் இருக்கிறது. எந்த உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் இது பெரிய விடயமாகத் தோன்றாது. ஆனால் பத்து மாதத்தில் அது 20 நாட்கள். அதாவது பத்தில் ஒரு பங்கு. தரம் 1 முதல் தரம் 11 வரை இதே பழக்கம் தொடர்ந்தால் 220 நாட்கள். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும்போது அந்தப் பிள்ளை ஒரு முழு வருடப் படிப்பை இழந்துவிட்டே நுழைகிறது.

ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் வருடத்தின் 10 வீதம் அல்லது அதற்கு மேல் பாடசாலையைத் தவறவிடும் பிள்ளையை "நாட்பட்ட வரவின்மை" உள்ள பிள்ளை என்று தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். காரணம் காய்ச்சலா, கலியாணமா, சும்மாவா என்று இந்தக் கணக்கில் பிரிப்பதில்லை. கடிதம் கொடுத்து எடுத்த லீவு என்றாலும் கடிதம் இல்லாத லீவு என்றாலும் தவறிய பாடம் தவறியதுதான்.

உயர்தர மாணவர்கள் விடயத்தில் 80 வீத வரவு என்ற விதியை எல்லோரும் அறிவோம். பலர் அதை ஓர் இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். "எண்பது இருந்தாப் போதும் சேர்" என்று பிள்ளைகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 80 வீதம் என்றால் என்ன? கிழமைக்கு ஐந்து நாளில் ஒரு நாள் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். வருடத்துக்கு 40 நாட்கள், எட்டுப் பாடசாலைக் கிழமைகள். 80 என்பது இதற்குக் கீழே போனால் ஆபத்து என்று போடப்பட்ட வேலி. வேலியோரமாக நடப்பது பாதுகாப்பான பயணம் ஆகாது.

பிந்தி வருவதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். தினமும் அரை மணித்தியாலம் பிந்தி வரும் பிள்ளை 200 நாளில் 100 மணித்தியாலத்தை இழக்கிறது. பாடசாலை நாள் ஆறு மணித்தியாலம் என்றால் அது ஏறக்குறைய 17 நாட்கள். அதுவும் பெரும்பாலும் முதற்பாடவேளையில் நடக்கும் ஒரே பாடத்திலிருந்து போகும் நேரம்.

இழந்த நாட்கள் ஏன் இவ்வளவு பாரமாகின்றன? பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டப்படுவதால்தான். தரம் 6 இல் பின்னம் படிப்பிக்கும் மூன்று நாளும் வராத பிள்ளைக்கு அடுத்து வரும் தசமம் விளங்காது. தசமம் விளங்காவிட்டால் சதவீதம் விளங்காது. சதவீதம் விளங்காத பிள்ளை தரம் 10 இல் வட்டிக் கணக்கைக் கண்டு மிரள்கிறது. அப்போது நாம் "இவனுக்கு மெத்ஸ் ஓடாது" என்கிறோம். நான்கு வருடத்துக்கு முன் தவறிய மூன்று நாட்களை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தத் தலைமுறைக்கு இன்னொரு பாரமும் உண்டு. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021 இல் ஆசிரியர்களின் சம்பள முரண்பாட்டுப் போராட்டத்தால் இணையவழிக் கற்பித்தலும் மாதக்கணக்கில் நின்றது. 2022 இல் எரிபொருள் நெருக்கடி. 2020 இல் தரம் 1 இல் சேர்ந்த பிள்ளைகள் எழுத்துக் கூட்டப் பழக வேண்டிய வருடங்களை வீட்டில் கழித்தவர்கள். இன்று இடைநிலை வகுப்புகளுக்கு வந்துவிட்ட அவர்களுக்கு இனியும் இழக்க நாட்கள் இல்லை.

சராசரி மறைக்கும் பிள்ளைகள்

"எங்கட ஸ்கூல்ல வரவு 92 வீதம்" என்று கூட்டங்களில் பெருமையாகச் சொல்வதுண்டு. 35 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 30 பேரின் வரவு 96 வீதம். மீதி ஐந்து பேரின் வரவு 70 வீதம்தான். சராசரி பார்த்தால் 92 வரும். அறிக்கை அழகாக இருக்கும். ஆனால் அந்த ஐந்து பிள்ளைகளும் வருடத்தில் 60 நாட்கள் வகுப்பில் இல்லை. அறிக்கையில் அவர்கள் தெரியவே மாட்டார்கள்.

ஆகவே வகுப்பின் சராசரியைக் கேட்பதால் பயன் குறைவு. மாதம் முடிய, இரண்டு நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் யார் யார் என்று பெயர் பெயராகக் கேட்க வேண்டும். எந்தக் கிழமை நாட்களில் வரவில்லை என்றும் பார்க்க வேண்டும். ஏனென்றால் வராத நாட்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்குதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தரம் 8 பிள்ளை ஒருவன் வியாழக்கிழமைகளில் மட்டும் வருவதில்லை. விசாரித்தால் அன்று பக்கத்து ஊரில் சந்தை. வாப்பாவோடு மரக்கறி மூட்டை இறக்கப் போகிறான். இன்னொருவன் திங்களும் புதனும் வரமாட்டான். அந்த இரண்டு நாளும் அவனுக்கு முதற்பாடவேளை கணிதம். வீட்டுக்கணக்குச் செய்யாததால் வகுப்புக்கு முன் நிற்க வேண்டிவரும் என்ற பயம். ஒரு பெண் பிள்ளை மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து வருவதில்லை. பாடசாலையின் கழிவறையில் தண்ணீர் வருவதில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மாதவிடாய் நாட்களில் அவள் எப்படி வருவாள்? மழை பெய்த மறுநாள் வராத பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு வெள்ளைச் சேட்டு.

இந்த நான்கு பேரையும் "லீவுக்காரர்" என்று ஒரே பெயரில் அழைத்து, ஒரே மாதிரி ஏசி, ஒரே மாதிரிக் கடிதம் கேட்டால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொருவருக்கும் தடை வேறு. தடையை அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

எமது வீடுகளில் அடிக்கடி வரும் காரணங்கள்

முதலாவது வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காகப் பாடசாலை நேரத்தோடு விடும் நாள் என்பதால் "அர நாள்தானே, போய் என்ன செய்ய" என்று பிள்ளையும் சொல்லும், வீடும் ஒத்துக்கொள்ளும். 200 நாட்கள் என்றால் 40 கிழமைகள். ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை தவறினாலே 20 நாட்கள். முன்னே சொன்ன பத்தில் ஒரு பங்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போய்விடுகிறது.

இரண்டாவது விடுமுறையின் தலையும் வாலும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை உண்டு. ஆனால் விடுமுறை தொடங்குமுன் மூன்று நான்கு நாளும், பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கிய பின் மூன்று நான்கு நாளும் வகுப்புகள் வெறிச்சோடிக் கிடக்கும். "ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று ஒவ்வொரு வீடும் நினைப்பதால்தான் ஒருவரும் வருவதில்லை. சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கோ நோன்பு விடுமுறை இல்லை. தராவீஹ் முடிந்து ஊர் சுற்றிவிட்டு நடுநிசியில் படுத்து, சஹருக்கு எழும்பி, காலையில் பாடசாலைக்குப் போக இயலாமல் கிடக்கும் பிள்ளைகள் அந்த மாதத்தில் பல நாட்களை இழக்கிறார்கள். தராவீஹ் முடிந்ததும் நேரே வீடு, நேரே படுக்கை என்ற ஒழுங்கு இருந்தால் நோன்போடு பாடசாலை செல்வது முடியாத காரியமல்ல. அப்படிச் செல்லும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

மூன்றாவது பயணங்கள். வெளியூர்க் கலியாணம், உம்ராவுக்குப் போகும் மூத்தம்மாவை வழியனுப்ப விமான நிலையம், கொழும்பில் இருக்கும் சாச்சியின் வீட்டுக்குக் குடிபூரல். நல்ல காரியங்கள்தான். ஆனால் போகும் நாள் ஒன்று, வரும் நாள் ஒன்று, களைப்புக்கு ஒரு நாள் என்று மூன்றாகிவிடும். ஞாயிறு இரவே திரும்பினால் இரண்டு நாள் மிஞ்சும்.

நான்காவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன உம்மாமாரின் பிள்ளைகள். இங்கே எவரையும் குறை சொல்ல இடமில்லை. வீட்டு நிலைமை அவர்களை அனுப்புகிறது. ஆனால் உம்மா போன பின் வீட்டின் மூத்த பெண் பிள்ளைதான் உம்மாவாகிறாள். தம்பியை முன்பள்ளிக்குக் கொண்டுபோவதும், மூத்தம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதும் அவள் தலையில் விழுகிறது. ஒரு வருடத்துக்குள் அவளது இடாப்பில் இடைவெளிகள் நிறைகின்றன. ஒரு தடவை அப்படியொரு பிள்ளையின் வீட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டு மாமி தன் பேரனோடு அந்தத் தம்பியையும் முன்பள்ளிக்கு விடுவதாக ஏற்றுக்கொண்டார். ஒரு சதம் செலவில்லை. அடுத்த கிழமையே அந்தப் பிள்ளை ஒழுங்காக வரத் தொடங்கினாள்.

ஐந்தாவது கைபேசியும் இரவு விழிப்பும். இதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரவு ஒரு மணிவரை விளையாடிய பிள்ளை காலையில் "தல வலிக்கி" என்று சொல்வது பொய்யல்ல. உண்மையாகவே வலிக்கும். அந்தத் தலைவலிக்கு மருந்து பெனடோல் அல்ல, இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியை வாங்கி உம்மாவின் அறையில் வைப்பது.

ஆறாவது டியூஷன். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பகலில் வீட்டில் படித்துவிட்டு மாலையில் டியூஷனுக்குப் போவதே போதும் என்று நினைக்கிறார்கள். டியூஷன் ஆசிரியர் பாடத்தை ஓட்டிச் செல்வார். விளங்காத இடத்தில் நிறுத்தி ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்க்க நூற்றுக்கணக்கானோர் இருக்கும் மண்டபத்தில் அவருக்கு நேரமில்லை. செய்முறை, ஒப்படை, விளையாட்டு, மன்றங்கள், கூட்டாளிகளோடு சேர்ந்து படிக்கும் பழக்கம் எல்லாம் பாடசாலையில்தான் கிடைக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில், எப்போது பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், கண்நோய், கொப்புளிப்பான் போன்றவை இருந்தால் அனுப்பக் கூடாது. டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமல் இருக்கவும் கூடாது. ஆனால் இலேசான தடிமன், தூக்கக் கலக்கம், "இன்டைக்கு ஒன்டும் படிப்பிக்க மாட்டாங்க" என்ற பேச்சு ஆகியவை வீட்டில் நிற்கக் காரணங்கள் அல்ல. பாடசாலைக்குப் போவதா இல்லையா என்பதைக் காலை ஆறரை மணிக்குப் பிள்ளையிடம் கேட்கும் வீட்டில் விடை எப்போதும் "இல்லை" என்றுதான் வரும். சுபஹுக்கு எழும்புவது எப்படிக் கேள்விக்கு இடமில்லாத பழக்கமோ அப்படியே பாடசாலையும் ஆக வேண்டும்.

சமையலறைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கவிடுங்கள். பிள்ளை வராத நாளைப் பேனையால் வட்டமிடுங்கள். அவ்வளவுதான். மாத முடிவில் வட்டங்களை எண்ணிப் பாருங்கள். எத்தனையோ பெற்றோர் என்னிடம் "ரெண்டு மூணு நாள்தான் சேர் வரல்ல" என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள். இடாப்பைத் திறந்து காட்டினால் பதினொன்று, பன்னிரண்டு இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் தனித்தனியாக வந்து போனதால் கூட்டிப் பார்க்கவில்லை.

இரவே சப்பாத்து, சேட்டு, கொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும். காலையில் ஒரு காலுறையைத் தேடும் பத்து நிமிடத்தில்தான் பஸ் போகிறது. கிளினிக், பல் வைத்தியர், அடையாள அட்டைக்கான படம் போன்ற வேலைகளை இயன்றளவு பிற்பகலுக்கோ சனிக்கிழமைக்கோ தள்ளுங்கள். வாப்பாவுக்கு அவசர வேலை, ஆட்டோக்காரர் வரவில்லை என்றால் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்பதை முன்கூட்டியே ஒரு மாமாவோடோ பக்கத்து வீட்டாரோடோ பேசி வையுங்கள்.

பிள்ளை ஒரு நாள் வரமுடியாமல் போனால் அன்று மாலையே அந்த நாளை மூடிவிடுங்கள். ஒழுங்காகக் கொப்பி எழுதும் ஒரு கூட்டாளியிடம் கொப்பியை வாங்கி எழுதச் சொல்லுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் விளங்காததைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறிய பிள்ளை மறுநாள் வகுப்பில் ஒன்றும் விளங்காமல் இருக்கும். அந்த வெட்கத்தில் மூன்றாம் நாளும் வராது. வராமையே வராமையை வளர்க்கிறது.

பிள்ளை அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்று காலையில் மட்டும் சொல்லி, பத்து மணிக்குப் பின் சுகமாகிவிட்டால் அதைச் சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். யாரோ அடிக்கிறார்களா, பட்டப்பெயர் சொல்கிறார்களா, ஆசிரியர் மீது பயமா, கரும்பலகை எழுத்துத் தெரியவில்லையா என்று ஆறுதலாக விசாரியுங்கள். "ஏன்டா போகல்ல?" என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "அங்க என்ன கஷ்டம் மகன்?" என்று கேட்டால் சொல்லும்.

பாடசாலை செய்யக்கூடியவை

எமது பாடசாலைகளில் ஒரு பிள்ளை வராவிட்டால் முதல் விசாரணை பெரும்பாலும் ஒரு கிழமைக்குப் பின்தான் நடக்கிறது. அன்றே வகுப்பாசிரியர் ஒரு கோல் எடுத்தால் நிலைமை வேறு. நான் அப்படி எடுத்தபோதெல்லாம் மறுமுனையில் முதலில் வரும் கேள்வி "என்னவும் பிழ செஞ்சிட்டானா சேர்?" என்பதுதான். பாடசாலையிலிருந்து கோல் வந்தால் அது முறைப்பாடு என்றே பெற்றோர் பழகிவிட்டார்கள். "இல்ல தங்கச்சி, இன்டைக்கு மகனக் காணல்ல, சுகமா என்டு கேக்கத்தான் எடுத்த" என்று சொன்னால் அந்தப் பக்கம் குரலே மாறிவிடும். மறுநாள் பிள்ளை வரும். தன்னை ஒருவர் தேடினார் என்ற உணர்வுக்கு அவ்வளவு பலம் உண்டு.

பிந்தி வந்த பிள்ளையைப் படலைக்கு வெளியே நிறுத்தித் திருப்பி அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒழுக்கம் பேணத்தான் செய்கிறார்கள். ஆனால் விளைவு என்ன? ஐந்து நிமிடம் பிந்திய பிள்ளை முழு நாளையும் இழக்கிறது. நாளைக்குப் பிந்தும் என்று தெரிந்தால் வீட்டிலிருந்தே புறப்படாது. பிந்தியதைப் பதிவேட்டில் பதிந்து, வகுப்புக்கு அனுப்பி, காரணத்தைப் பின்னர் விசாரிப்பதே நல்லது.

காசு விடயமும் அப்படியே. மின்விசிறிக்கு இவ்வளவு, வகுப்பறைக்குப் பெயின்ட் பூச இவ்வளவு என்று கேட்டு, கொடுக்காத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் அடுத்த நாள் அந்த நாற்காலி வெறுமையாக இருக்கும். சேகரிப்புத் தேவை என்றால் அது பெற்றோருடனான பேச்சு, பிள்ளையுடனான பேச்சு அல்ல.

வெள்ளிக்கிழமைகளையும் விடுமுறைக்கு முந்திய நாட்களையும் வெறும் நாட்களாக விடாமல் அன்று முக்கியமான பாடங்களையும் பிள்ளைகள் விரும்பும் நிகழ்ச்சிகளையும் வைக்கலாம். கழிவறைத் தண்ணீரையும் தாழ்ப்பாளையும் பெரிய அபிவிருத்தித் திட்டத்துக்காகக் காத்திருக்காமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு கிழமையில் செய்துவிடலாம். பாடசாலை மாணவிகளுக்குச் சுகாதாரத் துவாய் வவுச்சர் வழங்கும் திட்டத்தை அரசாங்கம் 2024 இல் ஆரம்பித்தது. வவுச்சர் கிடைத்தாலும் கதவு பூட்டாத கழிவறையில் அதனால் என்ன பயன்?

ஆசிரியர் சமூகத்தைச் சேர்ந்தவன் என்ற உரிமையோடு ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை வந்த நாளில் இரண்டு மூன்று பாடவேளைகள் ஆசிரியர் இல்லாமல் போனால், வராவிட்டாலும் ஒன்றுமில்லை என்பதைத்தான் நாம் அந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறோம். பிள்ளைகளின் வரவைப் பற்றிப் பேசும் பாடசாலை ஆசிரியர்களின் வரவைப் பற்றியும் பேச வேண்டும்.

பள்ளிவாசலும் ஊரும்

1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் வசதி குறைந்த முஸ்லிம் மாணவர்கள் படிக்கவென ஒரு புலமைப்பரிசில் நிதியத்தை ஆரம்பித்தார். கட்டணம் இல்லாவிட்டாலும் பிள்ளை படிப்பதற்கு வேறு செலவுகள் உண்டு, அவற்றைச் சமூகம் சுமக்க வேண்டும் என்பதை அவர் அன்றே விளங்கியிருந்தார். இன்று ஒரு பிள்ளை பாடசாலைக்கு வராமல் இருக்கக் காரணமான செலவு பெரும்பாலும் பெரிய தொகையல்ல. ஒரு சோடிச் சப்பாத்து, இரண்டாவது சேட்டு, ஒரு மாத பஸ் சீசன், ஒரு மூக்குக்கண்ணாடி. மஹல்லாவின் ஸகாத் மற்றும் ஸதகா நிதிகளில் இதற்கென ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பெயர் வெளியில் தெரியாமல் அதிபர் ஊடாகக் கொடுக்கும் ஒழுங்கை எந்தப் பள்ளிவாசல் நிர்வாகமும் செய்யலாம். அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2025 ஆம் ஆண்டின் பாடசாலை உபகரணங்களுக்காக 6,000 ரூபா கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது. இப்படியான உதவிகள் வரும்போது விண்ணப்பிக்கத் தெரியாத வீடுகளுக்கு வழிகாட்டுவதும் ஒரு பணிதான்.

ஊரின் இரவு நேர ஒழுங்கையும் யோசிக்க வேண்டும். பாடசாலை நாட்களில் நள்ளிரவு தாண்டி நடக்கும் மின்னொளி விளையாட்டுப் போட்டிகள், ஒலிபெருக்கி நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் வெள்ளி, சனி இரவுகளுக்கு மாற்றினால் யாருக்கும் நட்டமில்லை. பிள்ளைகளின் குர்ஆன் மத்ரஸா நேரமும் பாடசாலை நேரமும் ஒன்றையொன்று இடிக்காமல் இரு தரப்பும் தவணைக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேசலாம். கடை முதலாளிகள் காலை பத்து மணிக்குச் சீருடை வயதுப் பிள்ளை வேலைக்கு வந்தால் "இன்டைக்கு ஸ்கூல் இல்லயா மகன்?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே பெரிய காரியம்.

சட்டம் சொல்வது

கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1998 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. ஆரம்பத்தில் 5 முதல் 14 வயது வரை என்றிருந்தது 2016 இல் 16 வயதாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக்கப்பட்டது. வராத பிள்ளைகளைக் கண்டறிந்து பாடசாலையில் சேர்ப்பதற்காக கிராம உத்தியோகத்தர் மட்டத்தில் பாடசாலை வரவுக் குழுக்கள் அமைக்கவும் ஒழுங்குவிதிகளில் ஏற்பாடு உண்டு. உங்கள் பிரிவில் அப்படியொரு குழு இயங்குகிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். நீண்ட காலம் விலகியிருந்த பிள்ளைகளுக்கு வலயக் கல்விப் பணிமனையின் முறைசாராக் கல்விப் பிரிவும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உதவலாம். ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதை முதல் வேலையாக்க வேண்டாம். பயந்த பெற்றோர் காரணத்தை மறைப்பார்கள். காரணம் மறைந்தால் தடையை அகற்ற வழியில்லை.

பிள்ளைகள் எமக்குத் தரப்பட்ட அமானிதம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்த அமானிதத்தைப் பேணுவதன் ஒரு பகுதி ஒவ்வொரு நாள் காலையும் ஏழு மணியளவில் எம் வீட்டு வாசலில் நடக்கிறது. பெரிய திட்டமோ நிதியோ கூட்டமோ வேண்டாம். தவணை முடிவில் வீட்டுக்கு வரும் தேர்ச்சி அறிக்கையில் புள்ளிகளையும் வகுப்பு நிலையையும் பார்த்துவிட்டு நாம் கையெழுத்துப் போடுகிறோம். அதே தாளில் நடைபெற்ற நாட்கள் எத்தனை, பிள்ளை வந்த நாட்கள் எத்தனை என்று ஒரு வரியும் இருக்கும். அடுத்த தடவை கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை முதலில் வாசியுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அடுத்த தவணையில் அதைப் பாதியாகக் குறைக்க என்ன செய்யலாம் என்று இருவருமாகப் பேசி முடிவெடுங்கள். புள்ளிகள் கூட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கான முதல் வேலை இந்த வரியில்தான் தொடங்குகிறது.